கலர் அட்டை

ஒரு மனுஷன் எந்தத் தேதியில் மஞ்சளானான் என்று யாராவது குறித்து வைத்துக்கொள்வார்களா, நீங்களே சொல்லுங்கள்.

அந்த டாக்டர் கேட்கிறார். நான் ஏதோ காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிற மாதிரி, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, "சாருக்குக் கண்ணு எப்பலேருந்தும்மா மஞ்சளா இருக்கு? நாள் தெரியணும்" என்கிறார். பத்து நாள் என்றேன். எழுதவில்லை. என்னைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், திரும்ப என்னைப் பார்த்தார். "பத்து நாள்தானா? பழைய போட்டோ ஏதாவது இருந்தா கொண்டாங்க, பாக்கலாம்" என்றார்.

போட்டோவுக்கா பஞ்சம். ஆனி கடைசி முகூர்த்தத்தில்தான் பெண்ணுக்குக் கல்யாணம் செய்து முடித்திருக்கிறோம். என் வீட்டில் இப்போது போட்டோவைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆனால் எதைக் காட்டுவது? எல்லாவற்றிலும் இவர் நன்றாக இருக்கிறார். நான்தான் சொல்லிச் சொல்லி அப்படிச் செய்ய வைத்தேன்.

இந்தப் பையை இந்தப் பக்கம் எடுத்துக்கொள்கிறேன், நீங்கள் நன்றாக உட்காருங்கள். இவரை ஸ்கேனுக்கு உள்ளே அழைத்துப் போய் அரை மணியாகிறது. உங்களுக்கு யாருக்கு? மாமியாருக்கா. கல்லா. கல் என்றால் கவலையில்லை, எடுத்துவிடுவார்கள். இவருக்கும் கல்லாகத்தான் இருக்கும். ரத்தம் பார்த்தவன் ஏதோ ஒரு நம்பரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். அவன் பிதுக்கினால் ஆயிற்றா.

நான் எதற்காகக் காத்திருக்கிறேன் என்றால், ஸ்கேன் ரிப்போர்ட்டுக்கு இல்லை. ஜூலியஸ் என்று ஒருவன், அவனிடமிருந்து செல்லில் நாலு படம் வரவேண்டும். அது வந்தால்தான் டாக்டருக்கு நான் தேதி சொல்ல முடியும். வருமோ வராதோ. அவனை நான் பேசிய பேச்சுக்கு வராவிட்டாலும் ஆச்சரியமில்லை.

எனக்குக் கலர் தெரியாது என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது. இதே திருச்சியில்தான் கான்வென்ட்டில் படித்தேன். எம்பிராய்டரி வகுப்பில் சிஸ்டர் ஃபெலிசிட்டா துணியை மேஜையில் வைத்துவிட்டு, அடுத்த அறையில் இருக்கிற அலமாரியிலிருந்து அதற்குப் பொருத்தமான நூலை எடுத்து வரச் சொல்வார். மற்றவர்களெல்லாம் துணியைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். நான் ஒரு தடவை பார்த்துவிட்டுச் சும்மா போவேன், சரியான நூலோடு வருவேன். புடவைக் கடையிலும் அப்படித்தான். ப்ளவுஸ் துணி எடுக்க எல்லோரும் புடவையைச் சுருட்டிக்கொண்டு போகிறார்கள். நான் கையை வீசிக்கொண்டு போகிறேன். அரக்கும் மெரூனும் ஒன்று என்று நினைக்கிற ஜனங்களோடு இருபத்தெட்டு வருஷமாகக் குப்பை கொட்டுகிறேன், அது வேறு கதை.

இந்த ஜூலியஸுக்குப் பாலக்கரையில் இரண்டாவது மாடியில் கல்யாண வீடியோ எடுக்கிற ஸ்டுடியோ. நாற்பது வயதிருக்கும். என் பெண் மிருதுளாதான் அவளுடைய சிநேகிதி கல்யாணத்தில் பார்த்துவிட்டுப் பிடித்து வந்தாள். வந்து உட்கார்ந்ததும் என்னை அக்கா என்றான். நான் எந்தக் கடைக்காரனுக்கும் அக்கா இல்லை என்றேன். அன்றிலிருந்து மேடம்.

வைகாசி மூன்றாம் தேதி நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்குகிற நேரம். இவன் பையிலிருந்து ஒரு அட்டையை எடுக்கிறான். சின்னக் கட்டம் கட்டமாக இருபத்துநாலு கலர். கடைசி வரிசையில் வெள்ளையிலிருந்து கறுப்பு வரை படிப்படியாகச் சாம்பல். என்னப்பா இது, தாயக்கட்டமா என்றேன்.

"கலர் அட்டை மேடம். விசேஷம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி இதை ஒருத்தர் முகத்துக்குப் பக்கத்துல பிடிக்கணும். ஒவ்வொரு மண்டபத்துலயும் ஒவ்வொரு லைட். லைட் மாறினாலும் அட்டையோட கலர் என்னன்னு எனக்குத் தெரியும்ல, அதை வச்சு மத்ததெல்லாம் சரிபண்ணிடுவேன். எல்லா விசேஷத்துலயும் ஒரே ஆள் பிடிச்சா எனக்கு இன்னும் சுலபம்."

பெண்ணுக்கு மேக்கப். மாப்பிள்ளையைக் கேட்க முடியாது. நான் வாசலுக்கும் சமையல்காரனுக்குமாக அலைகிறேன். இவர் சும்மாதானே நிற்கிறார், "நான் பிடிக்கறேன் தம்பி" என்று வாங்கிக்கொண்டார். இவரை உங்களுக்குத் தெரியாது. பொதுப்பணித் துறையில் டிராஃப்ட்ஸ்மேன். யார் எதைக் கொடுத்தாலும் பிடித்துக்கொண்டு நிற்பார். போலீஸ் ஸ்டேஷனில் நம்பர் பலகையோடு நிற்பவனைப் போல நெஞ்சுக்கு நேரே அதை வைத்துக்கொண்டு நின்றார். அசையாமல் நில்லுங்கள் என்று நான்தான் போய்க் காலரை இழுத்து விட்டேன். அப்படியே ஒரு மூன்று வினாடி எடுத்தான்.

அன்றைக்குக் காலையில்தான், நேரம் பார்த்து, "பிரமிளா, வயிறு என்னமோ மாதிரி இருக்கு, சாப்பாடே இறங்க மாட்டேங்குது. ஒரு எட்டு டாக்டரைப் பாத்துட்டு வந்துடட்டுமா" என்கிறார். இவருக்கு எப்போதும் இப்படித்தான். வீட்டில் விசேஷம் என்றால் இவருக்கு ஏதாவது வந்துவிடும். என் தங்கை கல்யாணத்தில் பல்வலி. புதுவீட்டுக்குப் பால் காய்ச்சும்போது கழுத்துப் பிடிப்பு. கல்யாணம் முடியட்டும், உங்களை மொத்தமாக ஆஸ்பத்திரியிலேயே சேர்த்துவிடுகிறேன் என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன்.

கல்யாண வேலை என்றால் ஒருத்தன் ஒழுங்காகச் செய்கிறானா. இவருக்குப் பட்டுச் சட்டை தைத்தவன், நிச்சயதார்த்தத்துக்கு மறுநாள் வீட்டுக்கே வந்து அளவெடுத்தான். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் போட்டுப் பார்த்தால் தோளிலிருந்து தொங்குகிறது. கேட்டால், "சார் எளச்சிருக்காங்கம்மா" என்கிறான். தப்பாக வெட்டிவிட்டுச் சாரைக் குற்றம் சொல்கிறான். சமையல்காரன் நெய்யில் ஏதோ கலந்திருக்கிறான். இவர் இலையில் உட்கார்ந்து இரண்டு வாய் வைத்துவிட்டு மூடிவிட்டார், அத்தனை பேர் முன்னால். ஹாலுக்கு எலெக்ட்ரீஷியன் மாட்டியது மஞ்சள் பல்பு. வந்த ஒன்றுவிட்ட நாத்தனார், "அண்ணி, அண்ணன் என்ன ஒரு மாதிரி மஞ்சளா தெரியறாங்க" என்று கேட்டாள். அன்றைக்கே ஆளைக் கூப்பிட்டுப் பல்பையெல்லாம் கழற்றி வெள்ளை மாட்ட வைத்தேன். பந்தக்கால் நட்டதிலிருந்து நலங்கு, மஞ்சள், சந்தனம் என்று யார் முகம்தான் மஞ்சளாக இல்லை. அதோடு இவர் வெயிலில் கறுக்கிற கண்ணாடி போடுகிறவர். கண்ணை யார் பார்த்தார்கள்.

நர்ஸ் இந்தப் பக்கம் பார்த்தாளா? இல்லை, வேறு யாரையோ.

எங்கே விட்டேன். ஆடிப்பெருக்கு. கல்யாணம் முடிந்து முதல் ஆடிப்பெருக்கு, மிருதுளாவுக்குப் புது மஞ்சள் கயிறு மாற்ற வேண்டும். சம்பந்தி வீட்டார் மொத்தமாக வருகிறார்கள். அம்மா மண்டபத்தில் காவிரிக்குப் பூஜை முடித்து, வீட்டில் சாப்பாடு, சாப்பிட்டுவிட்டு எல்லோரும் உட்கார்ந்து கல்யாண வீடியோ பார்ப்பது என்று ஏற்பாடு. ஜூலியஸிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். மூன்று வாரம் இருக்கிறது, எனக்கு ஆடி பதினெட்டுக்கு வேண்டும். மற்ற வேலையெல்லாம் தள்ளிவைத்துவிட்டுச் செய்தான், அது உண்மை.

முதல் தடவை பார்க்க இவரையும் அழைத்துக்கொண்டு போனேன். இரண்டு மாடி ஏறுவதற்குள் நாலு இடத்தில் நின்றார். மேலே இரண்டு கம்ப்யூட்டர். ஒன்றில் ஓட்டிக் காட்டினான், நன்றாக இருந்தது. இன்னொன்றில் அதையே ஓட்டினான். அரக்குப் புடவை நாலு வருஷம் வெளுத்துக் கட்டியது போல இருக்கிறது. ரோஜா மாலை காகிதம் மாதிரி. என்ன இது என்றேன்.

"வெட்டி ஒட்டறது ஒரு சாஃப்ட்வேர் மேடம். பேர் போடறது, பூ விழற எஃபெக்ட்டெல்லாம் இன்னொண்ணு. இதுலேருந்து அதுக்கு வீடியோவா அனுப்பறதில்ல. ஒரு செகண்டுக்கு இருபத்தஞ்சு படமா பிரிச்சு, வரிசையா நம்பர் போட்டு அனுப்பறேன். வழியில ஒரு படம் கெட்டாலும் அதை மட்டும் மாத்திக்கலாம். ஆனா இங்க சேவ் பண்றப்ப எந்த அளவுல கலரை எழுதறமோ, அங்க திறக்கறப்ப அதே அளவுல படிக்கணும். அது வேற அளவுல படிச்சிருக்கு, அதான் வெளுத்துப்போச்சு."

எனக்குப் புரிந்தது. நான் ஆழாக்கில் எழுதிக் கொடுத்த கணக்கை நீங்கள் டம்ளரில் அளந்து போட்டால் என் சாம்பாரா வரும். அதைத்தான் இத்தனை நீட்டிச் சொல்கிறான். அளவைச் சரியாகச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்றேன். இரண்டு பக்கமும் ஒரே அளவை வைத்து, மறுபடி மொத்தப் படத்தையும் அனுப்பவேண்டும் என்றான். ஒன்றரை மணி நேரத்துக்கு லட்சத்து முப்பத்தைந்தாயிரம் படம். அது உன் பாடு என்றேன்.

இன்னொன்றும் சொன்னேன். படம் முழுக்க இவர் சொறிந்துகொண்டே இருக்கிறார். தாரை வார்க்கும்போது உள்ளங்கையைச் சொறிகிறார், மாலை மாற்றும்போது முழங்கை, பந்தியில் கழுத்து. சம்பந்தி வீட்டார் பார்த்தால் என்ன நினைப்பார்கள், ஏதோ தோல் வியாதிக் குடும்பம் என்றுதானே. அத்தனையையும் வெட்டு என்றேன். உட்கார்ந்து எண்ணி இருபத்தேழு இடத்தில் வெட்டினான். ஒன்றுகூட விடவில்லை, அந்த விஷயத்தில் கெட்டிக்காரன்தான்.

ஆடி பதினான்காம் தேதி மறுபடி போனோம். ஆடிப்பெருக்குக்கு நாலே நாள். இப்போது இரண்டு கம்ப்யூட்டரிலும் ஒரே மாதிரி இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். அரக்கு அரக்காக இருந்தது. மாம்பழ பார்டர், அட்சதை, தாலிக்கயிற்று மஞ்சள், மணப்பெண் கை மருதாணி, எல்லாம் நான் நேரில் பார்த்த கலர். எல்லாம் சரி, இவரைத் தவிர. மேடையில் பத்துப் பேர் நிற்கிறார்கள், ஒன்பது பேர் மனுஷக் கலர், இவர் மட்டும் சந்தனக்கட்டை.

இன்னும் ஒரு தப்பு பாக்கி இருக்கிறதே என்றேன்.

அவன் திரைப்பக்கம் திரும்பினான். எலிக்குட்டி மாதிரி ஒன்று வைத்திருக்கிறார்களே, மவுஸ், அதை நகர்த்தி நகர்த்தி எதையோ தேடினான். திரையில் நாலு படம் பக்கத்தில் பக்கத்தில் வந்தது. நாலிலும் இவர். நாலிலும் நெஞ்சுக்கு நேரே அந்த அட்டை. நிச்சயதார்த்தம், பந்தக்கால், முகூர்த்தம், மறுவீட்டு விருந்து.

"மேடம், அட்டையைப் பாருங்க. நாலுலயும் ஒரே கலர். அந்தச் சாம்பல் கட்டம், மஞ்சள் கட்டம், எல்லாம் அப்படியே ஒண்ணா இருக்கு. அப்ப கலர் சரியா வந்திருக்குன்னு அர்த்தம். அட்டை மாறல. சார்தான்..." என்று இழுத்தான்.

சார்தான் என்ன.

"தப்பா நினைக்காதீங்க மேடம். சாரை ஒரு தடவை யார்கிட்டயாவது காட்டி..."

எனக்கு வந்ததே கோபம். வேலையை அரைகுறையாகச் செய்துவிட்டு என் புருஷன் தோல்மேல் பழி போடுகிறான். தையல்காரன் சொன்ன அதே பாட்டு. நீ டாக்டருக்குப் படிச்சியா எடிட்டிங்குக்குப் படிச்சியா என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டான். இருபத்தெட்டு வருஷமாக இந்த முகத்தைப் பார்க்கிறவள் நான், எனக்குத் தெரியாத கலரை உன் அட்டை சொல்லுமா என்றேன். நாலு படத்தையும் நான் சரியாகக்கூடப் பார்க்கவில்லை. பார்க்க என்ன இருக்கிறது. அட்டையைத் தூக்கிப் போடு, இவர் முகத்தை அளவாக வைத்துக்கொண்டு மொத்தத்தையும் சரிசெய் என்றேன்.

"சார் முகத்தை மட்டும் தனியா பிடிச்சு மாத்தணும்னா ஒரு மாசம் ஆகும். மொத்தமா மஞ்சளைக் குறைச்சா, மத்தவங்க, நகை, புடவை எல்லாத்துலயும் குறையும் மேடம்."

குறையட்டும். பெண்ணைப் பெற்றவர் முகம் முதலில் சரியாக இருக்கட்டும்.

இவர் எங்களுக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இவர் ஒருத்தர் இருப்பதே எங்களுக்கு மறந்துபோயிருந்தது. எழுந்து வந்து கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்த நாலு படத்தையும் குனிந்து பார்த்தார். இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக, ஆபீஸில் வரைபடம் சரிபார்ப்பாரே, அந்த மாதிரி. வெகுநேரம் பார்த்தார். ஜூலியஸ் இவர் முகத்தைப் பார்த்தான். அப்புறம் இவர் சொன்னார்:

"அவ சொல்ற மாதிரியே பண்ணிடுங்க தம்பி. ஆடிப்பெருக்குக்கு எல்லாரும் வராங்க. நான் கொஞ்சம் நல்லா தெரிஞ்சா போதும்."

பார்த்தீர்களா. வாயே திறக்காத மனுஷன், அன்றைக்கு என் பக்கம் பேசினார்.

கிளம்பும்போது அந்த நாலு படத்தையும் அழித்துவிடச் சொன்னேன். யார் கண்ணிலாவது பட்டால் சிரிப்பார்கள். ஆல்பத்துக்கும் இதே கலர் போடு என்று சொல்லிவிட்டு வந்தேன். படி இறங்கும்போது இவர் கைப்பிடியை விடவேயில்லை. சீக்கிரம் வாருங்கள், பால்காரன் வருகிற நேரம் என்று நான் கீழே நின்றுகொண்டு கத்துகிறேன். "வரேன், வரேன்" என்கிறார், ஆளைக் காணோம்.

ஆடி பதினேழு மதியம் கொண்டு வந்து கொடுத்தான். டிவியில் போட்டு அங்கங்கே தள்ளித் தள்ளிப் பார்த்தேன். இவர் முகத்தை மட்டும்தான் பார்த்தேன், அதுதானே தகராறு. கல்யாணமான புதிதில் இருந்த மாதிரி இருந்தார். திருப்தி. பாதாம் அல்வா எடுத்துக் கொடுத்தேன். அவன் வாங்கிக்கொண்டு, "சார் இல்லையா மேடம்" என்றான். படுத்திருக்கிறார் என்றேன். கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றுவிட்டுப் போனான்.

மறுநாள் காவிரியில் அப்படி ஒரு தண்ணீர். பூஜை நன்றாக நடந்தது. சம்பந்தியம்மா காந்திமதி கையால் மிருதுளாவுக்குப் புதுக் கயிறு மாற்றினார்கள். சாப்பாடு முடிந்து பதினெட்டுப் பேர் ஹாலில் உட்கார்ந்தோம். இவருக்குச் சாய்வு நாற்காலி டிவிக்குப் பக்கத்திலேயே போட்டிருந்தது, காது கொஞ்சம் மந்தம்.

முதல் பத்து நிமிஷம் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குத்தான் கண்ணில் ஏதோ உறுத்தியது. எல்லோரும் நீலம் பாய்ந்து, குளிரில் நிற்கிறவர்களைப் போல இருக்கிறார்கள். தங்கம் ஈயமாக இருக்கிறது. அட்சதை வெறும் அரிசி. அப்புறம் கெட்டிமேளம். மாப்பிள்ளை கையைக் கிட்டத்தில் காட்டுகிறான். கயிறு வெள்ளை.

பால் வெள்ளை இல்லை. ஆனால் மஞ்சள் இல்லை. பழைய திரிநூல் மாதிரி ஒரு வெளுப்பு.

"என்ன சம்பந்தி" என்று காந்திமதியம்மா எழுந்தே விட்டார்கள். "எம்மருமக கழுத்துல வெள்ளக் கயிறா கட்டினோம்? நல்ல நாளும் அதுவுமா என்ன இது அச்சானியமா?"

மிருதுளா கழுத்தைப் பொத்திக்கொண்டாள். அது கம்ப்யூட்டர் கோளாறு, எடிட் செய்தவன் மடையன், நாளைக்கே அவனை உண்டு இல்லை என்று ஆக்குகிறேன் என்று நான் பேசிக்கொண்டே போகிறேன். ரிமோட் கையில் வழுக்குகிறது. எதையோ அமுக்கினேன், படம் நின்றுவிட்டது. நின்றது இவர் முகத்தில். தாரை வார்த்துவிட்டு நிமிர்கிற முகம். பெரிதாக, வெளுப்பாக, நன்றாக இருக்கிறது.

மாப்பிள்ளை நிரஞ்சன் அதிகம் பேசாத பிள்ளை. டிவியைப் பார்த்தான். பக்கத்தில் நாற்காலியைப் பார்த்தான். மறுபடி டிவியைப் பார்த்தான்.

"மாமா, டிவில நல்லா இருக்கீங்க" என்றான்.

யாரோ சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. எழுந்து போய் இவர் கண்ணாடியைக் கழற்றினான். மெதுவாகத்தான் கழற்றினான். அத்தனை பேரும் டிவியையும் இவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு முகம். ஒரே மனுஷன்.

இவர் என்னைப் பார்த்து, "வீடியோ நல்லாத்தான் வந்திருக்கு பிரமிளா" என்றார்.

அன்றிலிருந்து பத்து நாள். அதைத்தான் டாக்டரிடம் சொன்னேன். நான் பொய் சொல்லவில்லை. எல்லோரும் பார்த்தது அன்றைக்குத்தானே.

மறுநாளே ஜூலியஸுக்குப் போன் போட்டேன், உடம்பு விசாரிக்கவா, இல்லை, கயிறு வெளுத்ததற்காக. என்னென்னவோ பேசினேன். பெண் வாழ்க்கையில் விளையாடிவிட்டாய் என்றுகூடச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். நான்தான் அப்படிச் செய்யச் சொன்னேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "சார் எப்படி இருக்காங்க" என்று மட்டும் கேட்டான். அதற்கும் எரிந்து விழுந்து வைத்துவிட்டேன்.

இன்று காலையில் டாக்டர் போட்டோ கேட்டதும் யோசித்துப் பார்த்தேன். சொந்தக்காரப் பெண்கள் செல்லில் எடுத்ததெல்லாம் முகத்துக்கு மாவு பூசி, கன்னத்துக்கு ரோஸ் போட்டு வைத்திருக்கிறது, அந்தச் செல்லே அப்படி எடுக்குமாம். ஆல்பம் நான் சொன்ன கலரில் இருக்கிறது. மிச்சம் அந்த நாலு படம்தான். அழிக்கச் சொன்ன படம். வராந்தாவில் நின்று போன் போட்டேன்.

"அந்த நாலு படம் அழிச்சாச்சா தம்பி?"

"ஏன் மேடம்?"

"டாக்டர் கேக்கறார். எப்பலேருந்துன்னு தெரியணுமாம்."

அவன் பின்னால் யாருடைய கல்யாண மேளமோ கேட்டது.

"சார் எங்க?"

"ஸ்கேனுக்கு உள்ள இருக்கார்."

"பதறாதீங்க. தேடி அனுப்பறேன் அக்கா" என்றான்.

திருத்தாமல் போனை வைத்தேன்.

அதோ, வந்துவிட்டது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. அழிக்கவேயில்லை பாருங்கள். இந்தாருங்கள், நீங்கள் பிடியுங்கள். நீங்களே பார்த்துச் சொல்லிவிடுங்கள். இந்த டியூப்லைட்டும் இந்தப் பச்சைச் சுவரும் சேர்ந்து எனக்குக் கலரே தெரியவில்லை.

கடைசியிலிருந்து வாருங்கள். நாலாவது மறுவீடு, ஆனி கடைசி நாள். அதில் இருக்கும், தெரியும். அதற்கு முந்தையது முகூர்த்தம், ஆனி இருபத்தெட்டு. அதிலுமா. சரி. இரண்டாவது பந்தக்கால், ஆனி பதினைந்து. அதில் வெயில் நேரே முகத்தில் அடிக்கிறது. வெயிலில் யாரும் அப்படித்தான். அட்டையைப் பாருங்கள், அதில் வெள்ளைக் கட்டம் வெள்ளையாக இருக்கிறதா? இருக்கிறதா. சரி, அப்படியானால் அதையும் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் படம் இருக்கட்டும், அது வேண்டாம். அது வைகாசி மூன்று, நிச்சயதார்த்தம். அன்றைக்கு இவர் நன்றாகத்தான் இருந்தார். டாக்டரைப் பார்க்கட்டுமா என்று கேட்டார், அவ்வளவுதான். அது வயிறு.

ஏன் விரலை அங்கேயே வைத்திருக்கிறீர்கள்?

அந்தச் சாம்பல் கட்டத்தை மறுபடி பாருங்கள். அப்புறம் கண்ணைப் பாருங்கள். அன்றைக்குக் கண்ணாடி போடவில்லை, போட்டோவுக்கு வேண்டாம் என்று நான்தான் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன்.

தியாகேசன் கூட வந்தவங்க என்று இவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். இதோ வருகிறேன் என்று சொல்லுங்கள். ஒரு நிமிஷம் என்று சொல்லுங்கள்.

அந்தப் படத்தில் ஓரத்தில் ஒரு கை இருக்கிறதே, பச்சைக் கண்ணாடி வளையல், காலரை இழுத்து விடுகிற கை. அதுதான் நான். என் முகமும் பாதி வந்திருக்கும் பாருங்கள். இவரை நேராகப் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறேன், ஒரு சாண்கூட இருக்காது.

தேதி கேட்பார். வைகாசி மூன்று என்றால் இங்கிலீஷில் என்ன வரும், கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்.